கைக்கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடி

கைக்கடிகாரத்தின் முள்களைத் தூசியும் ஈரமும் அணுகாமல் காப்பது அதன் முகப்புக் கண்ணாடியாகும். கண்ணாடி என்பது வழக்குப் பெயரே. அக்ரிலிக் பிளாஸ்டிக், மினரல் கண்ணாடி எனப்படும் உரமேற்றிய கண்ணாடி, செயற்கை நீலக்கல் ஆகிய மூன்றும் இதற்குப் பயன்படுகின்றன. இவற்றுள் சிறந்தது எது என்னும் வினாவிற்கு ஒரே விடை இல்லை. கீறலைத் தாங்கும் குணம் வேறு, மோதலைத் தாங்கும் குணம் வேறு என்பதே காரணம்.

கீறலைத் தாங்கும் குணத்தைக் கடினத்தன்மை என்பர். 1812-இல் பிரெடரிக் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தி இதற்கோர் அளவுகோல் வகுத்தார். ஒவ்வொரு கனிமமும் தனக்குக் கீழுள்ளதைக் கீறும். இவ்வரிசையில் வைரத்திற்கு எண் 10, நீலக்கல்லிற்கு 9, வெங்கச்சங்கல் எனப்படும் குவார்ட்ஸுக்கு 7. கண்ணாடி 6-ஐ ஒட்டியும், அக்ரிலிக் 3-ஐ ஒட்டியும் அமையும். மணலிலும் சாலைப் புழுதியிலும் குவார்ட்ஸ் துகள்கள் மிகுதி. ஆகவே புழுதி படிந்த கடிகாரத்தைச் சட்டைக் கையால் துடைத்தால் அக்ரிலிக்கும் கண்ணாடியும் கீறலுறும், நீலக்கல் கீறலுறாது.

நீலக்கல்லும் மாணிக்கமும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் வகைகள். இதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயர் இத்தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது. அலுமினியம் ஆக்ஸைடாகிய இது, தூய நிலையில் நிறமற்றது. அலுமினியம் ஆக்ஸைடுத் தூளை 2,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சுடரில் உருக்கிச் செயற்கை மாணிக்கம் வளர்க்கும் முறையைப் பிரெஞ்சு விஞ்ஞானி ஆகஸ்ட் வெர்னாய் 1902-இல் வெளியிட்டார். பின்னர் நீலக்கல்லும் செயற்கையாக வளர்க்கப்பட்டது. இதனை வைரம் பதித்த கருவிகளால் அறுத்து மெருகேற்ற வேண்டியிருப்பதால் விலை கூடுகிறது.

எனினும் கடினமான நீலக்கல் நொறுங்கும் இயல்பும் உடையது. கற்றரையில் விழுந்தால் விரிசலுறலாம். அக்ரிலிக்கோ மோதலுக்குச் சற்று வளைந்து கொடுக்கும். எளிதில் சில்லுகளாகச் சிதறாது. 1969-இல் சந்திரனை அடைந்த விண்வெளி வீரர்களின் ஒமேகா கடிகாரங்களில் பொருத்தப்பட்டிருந்தது அக்ரிலிக்கே. எடையற்ற நிலையில் மிதக்கும் கண்ணாடிச் சில்லுகள் கண்ணில் புகக்கூடும் என்பதை நோக்க, அத்தேர்வின் பொருத்தம் விளங்கும். அக்ரிலிக்கில் விழும் சிறு கீறலை மெருகுப் பசையால் தேய்த்துப் போக்கலாம். ஆனால் அதனைத் துடைக்க அசிட்டோன், ஸ்பிரிட் போன்றவற்றைப் பயன்படுத்துதல் கூடாது.

எனவே புழுதியிலும் மணலிலும் உழைப்போர்க்கு, விலை ஒரு தடையன்றேல், நீலக்கல் ஏற்றது. பாறைகளிலும் இயந்திரங்களிலும் கை அடிக்கடி மோதும் பணியினர்க்கு அக்ரிலிக் நன்று. அலுவலகத்திலும் வகுப்பறையிலும் பணிபுரிவோர்க்கு, மாற்றுவதற்கு அதிகம் செலவாகாத மினரல் கண்ணாடியே போதும்.

ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். பிளாஸ்டிக் அளவுகோலையும், விளிம்பு மழுக்கிய கண்ணாடித் துண்டையும் வெங்கச்சங்கல்லின் கூரிய முனையால் கீறச் செய்க. இரண்டிலும் கோடு விழும். பின்னர் இரண்டையும் கீழே போட்டால் எது உடையும் என்று மாணவரை முன்கூட்டிச் சொல்லச் செய்க. எளிதில் கீறலுறும் பொருளே உடையாமல் தப்பும் என்பதை அவர்கள் தாமே உணர்வர்.