காணும் பொங்கலும் முறைப்பெயர்களும்

தை மாதம் மூன்றாம் நாள் காணும் பொங்கல். காணுதல் என்பது இங்கு உற்றார் உறவினரைச் சென்று காண்பதைக் குறிக்கும். அன்று இளையோர் பெரியோரின் காலில் விழுந்து வணங்குவர். பெரியோர் வாழ்த்திக் கையில் காசு கொடுப்பர். சிறுவர்க்கு அக்காசே பெரிது!

தில்லியிலிருந்து சென்னைக்கு இரயிலில் செல்ல ஒரு நாளுக்கு மேல் ஆகும். அத்தனை தொலைவு பயணம் செய்து வந்த குழந்தை, எதிரில் நிற்கும் பெண்கள் அனைவரையும் 'ஆண்டி' என்றழைத்தால் அவர்தம் முகம் வாடும். அச்சொல் அண்டை வீட்டாருக்கும் உரியதன்றோ?

தாயின் உடன்பிறந்தாளை இந்தியில் 'மௌசி' என்பர். தமிழில் தாயின் தமக்கை பெரியம்மா, தங்கை சித்தி. சில ஊர்களில் சின்னம்மா என்பதும் உண்டு. இருவர் பெயரிலும் தாய் இருக்கிறாள். சித்தி என்பதன் பொருள் சிற்றன்னை. ஆகவே அவர்களுடைய பிள்ளைகள் நமக்கு அண்ணன், அக்காள், தம்பி, தங்கை ஆவர். தந்தையின் உடன்பிறந்தாள் அத்தை. தாயின் உடன்பிறந்தான் மாமா. இவ்விருவரின் பிள்ளைகளை அவ்வாறு அழைப்பதில்லை. அவர்கள் மைத்துனர் முறையினர்.

ஊருக்குப் புறப்படுமுன் உறவினரின் ஒளிப்படங்களைக் காட்டிக் குழந்தைக்கு முறை சொல்லித் தருதல் நன்று. ஊரில் பாட்டி அதனை மடியில் இருத்தி, ஒவ்வொருவராகச் சுட்டி, "இது யார், சொல்?" என்று கேட்பார்.