உஷார்! பனி இருமலா, புறா இருமலா?

ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பக்கம் வீட்டில் புறா வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கூண்டைத் திறங்கள். காலையில் கூண்டைச் சுத்தம் செய்கிறீர்கள். சாயங்காலம் உடம்பு வெடவெடக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறது, வறட்டு இருமல் விடாமல் வருகிறது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ தானாக அடங்கிவிடுகிறது. "பனி இறங்கிடுச்சு, அதான்" என்று மிளகுக் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டு மறந்துவிடுகிறீர்கள். கூண்டைச் சுத்தம் செய்த நாளிலெல்லாம் இது நடந்தால், பனியைக் குறை சொல்லாதீர்கள்.

என் சித்தப்பா விஷயத்தில் மொத்தக் குடும்பமும் ஏமாந்தது இங்கேதான். முப்பது ஹோமர், பத்துப் பன்னிரண்டு கர்ணப்புறா. மரநாய்க்குப் பயந்து கூண்டைச் சமையலறைச் சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்தார். மேலே தகரச் சாய்ப்பு, சாரல் அடிக்காமலிருக்க மூன்று பக்கமும் தார்ப்பாய். புறாவுக்குக் குளிரக் கூடாதே என்ற அக்கறை. ஆனால் உள்ளே காற்று புகுந்து வெளியேற வழியில்லை. தகரத்து ஆணி ஓட்டை வழியாக ஒரு இழை வெயில் மட்டும் இறங்கும். அவர் சுரண்டியை எடுத்துப் பலகையில் காய்ந்த எச்சத்தைச் சுரண்ட ஆரம்பித்ததும் அந்த வெயில் இழை பாலாக வெளுத்துப் போகும். அவர் மூச்சோடு உள்ளே இழுத்தது அந்தப் பாலைத்தான்.

எச்சம் மட்டுமில்லை, இறகும்தான். ஹோமரைக் குளிக்க விட்ட தொட்டியை ஒரு தடவை குனிந்து பாருங்கள். தண்ணீர் மேல் வெள்ளையாக ஒரு படலம் மிதக்கும். புறா வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், பறவை நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். இறகிலிருந்து உதிரும் அந்த மாவும், காய்ந்த எச்சத்தின் தூளும் சுமக்கும் புரதங்கள் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகின்றன. சிலருடைய உடம்பு அதை எதிரி என்று நினைத்துப் போர் தொடுக்கிறது, போர்க்களம் அவர்களுடைய நுரையீரல். ஆங்கில மருத்துவத்தில் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் என்கிறார்கள். புறா வளர்ப்பவர்களிடம் இதை அமெரிக்க மருத்துவர்கள் முதன்முதலில் விவரித்தது 1965-ல். இது கிருமியால் வருவதில்லை, அதனால் ஆன்டிபயாட்டிக் கேட்காது. "என் புறா எல்லாம் சுத்தமான புறா, ஒரு சீக்கும் கிடையாது" என்பதும் இங்கே செல்லாது. ஒரே வீட்டில் ஒருவருக்கு வரும், பக்கத்தில் நின்றவருக்கு வராது. அதனால்தான் புறாவின் மேல் சந்தேகமே விழுவதில்லை.

மலையில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. தூசியை மூச்சில் இழுத்து நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்துத்தான் காய்ச்சல் எட்டிப் பார்க்கும். காலையில் சுரண்டினால் சாயங்காலம். ஏற்காட்டு மலையில் சாயங்காலம் என்றாலே மூடுபனிதானே, பழி அதன் மேல் போய்விடும். அடுத்து, சித்தப்பா சேலத்தில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்தால் இருமல் குறைந்துவிடும். "பாத்தியா, மலைக்குளிர்தான் எனக்கு ஒத்துக்கல" என்பார். நாங்களும் தலையாட்டினோம். அவர் மலையை மட்டும் விட்டு வரவில்லை, புறாக்களையும் விட்டு வந்திருந்தார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. மூன்று வருஷம் இருமல் சிரப், இன்ஹேலர் என்று ஓடியது. எடை குறைந்தது. காப்பித் தோட்டத்து மேட்டில் ஏற மூச்சு வாங்கியது. சேலத்தில் ஒரு டாக்டர், "வீட்டில் பறவை ஏதாவது இருக்கா?" என்று கேட்ட பிறகுதான் ஹெச்.ஆர்.சி.டி ஸ்கேன் எடுத்தோம். அதற்குள் நுரையீரலின் அடிப்பகுதியில் தழும்பு விழுந்திருந்தது. அழற்சி ஆரம்ப நிலையில் இருந்தால் புறாவை விட்டு விலகினாலே பெரும்பாலும் தணியும், தேவைப்பட்டால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். விழுந்த தழும்பு திரும்பாது.

எங்கோ ஒருத்தருக்கு வரும் அபூர்வ வியாதி என்று நினைக்க வேண்டாம். நுரையீரல் திசு நோய்களைப் பற்றிய இந்தியப் பதிவேடு 2017-ல் வெளியானபோது, அதிலிருந்த 1,084 நோயாளிகளில் சுமார் 47 சதவீதம் பேருக்கு இந்த வகைதான். காரணங்களில் ஏர்கூலர் முன்னால் நின்றது, பறவைகளும் இருந்தன. மும்பையில் 2025-ல் புறாக்களுக்குத் தீனி போடும் கபூதர்கானாக்களை மூடச் சொல்லி, தாதரில் தார்ப்பாய் போட்டு மறைத்து, பெரிய ரகளையே நடந்தது. அங்கே தெருப் புறாவுக்கே அந்தப் பாடு. நாம் சமையலறைச் சுவருக்குப் பின்னால் வைத்திருக்கிறோம்.

வளர்த்தே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கூண்டை வீட்டுச் சுவரிலிருந்து பிரித்துத் தள்ளி வையுங்கள். மரநாய்க்குத் தார்ப்பாய் தடையாகாது, நெருக்கமான வெல்ட்மெஷ்தான் தடை. அது காற்றையும் விடும். காய்ந்த எச்சத்தைப் பெருக்கவே கூடாது. தண்ணீர் தெளித்து ஊறவிட்டுச் சுரண்டுங்கள், என்95 மாஸ்க் போடுங்கள், கைக்குட்டை உதவாது. கூண்டுச் சட்டையோடு படுக்கையறைக்குள் நுழையாதீர்கள். மிளகுக் கொடிக்கு உரமாகும் என்று எச்சத்தை மூட்டை கட்டித் திண்ணையில் வைப்பது நம் பக்கத்துப் பழக்கம், அதைத் தோட்டத்துக் குழியிலேயே ஈரமாக மக்க விடுங்கள். எண்ணிக்கையிலும் கண் வையுங்கள். இரண்டு முட்டை, பதினெட்டு நாள் அடை, குஞ்சு முழுசாகப் பறக்கும் முன்பே தாய் அடுத்த முட்டைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சு வேண்டாத மாதங்களில் மரமுட்டையை மாற்றி வையுங்கள். சர்க்கரை, எச்.ஐ.வி., புற்றுநோய் சிகிச்சை, மாற்று உறுப்பு என்று எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் வீட்டில் இருந்தால் கூண்டுப் பக்கமே விடக் கூடாது. பழைய எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை அவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். இருமலுக்கு டாக்டரைப் பார்க்கும்போது அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: வீட்டில் புறா இருக்கு, இத்தனை வருஷமாக இருக்கு.

சித்தப்பா கடைசியில் மனசில்லாமல் எல்லாவற்றையும் சேலத்தில் ஒரு புறாக்காரருக்குக் கொடுத்துவிட்டார். புறா போன பிறகும் தூசி வீட்டில் மாதக்கணக்கில் தங்கும் என்று டாக்டர் எச்சரித்ததால் சாய்ப்பைக் கழுவி, தார்ப்பாயை எடுத்தெறிந்தோம். புறாக்கள் அடைகாத்த பெட்டிகளை மட்டும் அவர் தொட விடவில்லை. அந்தப் புறாக்காரர் பத்து நாள் அடைத்து வைத்துப் பழக்கிவிட்டுக் கதவைத் திறந்திருக்கிறார். ஹோமர் பழைய கூண்டைத் தேடித் திரும்பி வரும் இனம்; வளர்ந்த ஹோமரை விற்றாலும் கொடுத்தாலும் நிரந்தரமாக அடைப்பில் வைப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும், அது எங்களுக்கு அப்போது தோன்றவில்லை. பஸ் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. மூன்று புறா நாகலூர் வந்து சமையலறைத் தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்தன. சித்தப்பா மாஸ்க் இல்லாமலே வெளியே ஓடினார்.