படியேறும் பலம் வீட்டிலேயே கிட்டும்

சுவாமிமலையில் 60 படிகள். தமிழ் ஆண்டுகள் அறுபதின் பெயரையும் தாங்கி நிற்பவை. திருத்தணியில் ஆண்டின் நாள்களைக் குறிக்கும் 365 படிகள். சோளிங்கர் பெரிய மலையில் 1,305. அலிபிரியிலிருந்து நடந்தே திருமலைக்குச் செல்வோர் ஏறுவது ஏறத்தாழ 3,550. இளமையில் இந்த எண்களை நாம் பொருட்படுத்தியதில்லை. அறுபது வயதைக் கடந்தபின், எந்த ஊர்க் கோயிலைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "அங்கே எத்தனை படி?" என்பதே நமது முதல் கேள்வியாகிவிடுகிறது.

ஆலயத்தை விட்டு நாம் ஒரே நாளில் விலகுவதில்லை. முதலில் மலைக்கோயில்கள் நின்றுபோகின்றன. பிறகு கிரிவலம். கொடிமரத்தடியில் விழுந்து வணங்கியவர் நின்றபடியே கைகூப்பத் தொடங்குகிறார். உபந்நியாசத்தில் தரையில் அமர்ந்தவர் சுவரோரம் போடப்பட்ட பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடுகிறார். கடைசியில் தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலின் உயர்ந்த வாசற்படியே மலையாகிவிட, "வீட்டிலிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார். எல்லாவற்றிற்கும் வயதே காரணம் என்கிறோம். அது பாதி உண்மைதான்.

மீதிப் பாதி தசை. முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை நம் உடலின் தசை குறைகிறது என்றும், அறுபதுக்குமேல் அந்தக் குறைவு விரைவடைகிறது என்றும் மருத்துவ நூல்கள் கூறுகின்றன. தசையின் அளவைவிட அதன் வலிமை இன்னும் வேகமாகக் குறைகிறது. அவற்றுள் நமக்கு முக்கியமானவை தொடைத் தசைகள். உட்காரவும், எழவும், படியேறவும், கால் தடுக்கும்போது சமாளித்துக்கொள்ளவும் அவையே உதவுகின்றன. பயன்படுத்தாத கணக்கை வங்கி செயலற்ற கணக்காக்கிவிடும் என்பதை நான் பணியிலிருந்த காலத்தில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். உடலும் அதே விதியைத்தான் பின்பற்றுகிறது. ஆனால் செயலற்றுப்போன கணக்கை மீண்டும் இயக்கத்துக்குக் கொண்டுவர இயலும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு சான்று. 1990ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாஸ்டன் நகரிலுள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தைச் சேர்ந்த பத்துப் பேருக்கு, மரியா பியட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் எட்டு வாரங்கள் கால்களுக்கு எடைப் பயிற்சி அளித்தனர். பயிற்சி பெற்றவர்களின் சராசரி வயது 90! பயிற்சியை முழுமையாக முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. அவர்கள் மருத்துவர்களின் கண்காணிப்பில் கருவிகளைக் கொண்டு பயின்றவர்கள் என்பது உண்மை. ஆயினும் தொண்ணூறு வயதுத் தசையும் வேலை கொடுத்தால் வலுப்பெறுகிறது என்பது அன்று தெளிவாயிற்று. எழுபது வயதில் "இனி என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

இதற்காக உடற்பயிற்சிக் கூடத்தில் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டுமா? கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம். அங்கே ஒலிக்கும் இசையும் சுற்றிலும் நிற்கும் கண்ணாடிகளும் நம் வயதினருக்கு ஒத்துவருவதில்லை. வீட்டில் ஒரு கனமான நாற்காலி, ஒரு சுவர், கைப்பிடியுள்ள மாடிப்படி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டு ஆகியவை போதும்.

"நான்தான் தினமும் காலையில் நடக்கிறேனே" என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது, விடவே கூடாது. ஆனால் சமதரையில் நடப்பதற்குத் தொடைத் தசையின் முழு வலிமை தேவைப்படுவதில்லை. ஆகவேதான் நாள்தோறும் நான்கு கிலோமீட்டர் நடப்பவர்கூடத் தரையிலிருந்து எழும்போது இன்னொருவர் கையைத் தேடுகிறார். முதியோர் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான நடை போன்ற பயிற்சியும், அதற்கு மேலாக, இரண்டு நாள்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தனது 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறுகிறது. இரண்டையும் அது தனித்தனியே சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது.

முதலில் நம் இருப்பு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம். கைப்பிடி இல்லாத, நழுவாத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு அமருங்கள். கைகளை மார்பின் குறுக்கே மடக்கிக்கொண்டு, முப்பது விநாடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து நின்று மீண்டும் அமர முடிகிறது என்று வீட்டிலுள்ள ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். 65 முதல் 69 வயது வரை உள்ள ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 11. 75 முதல் 79 வரையெனில் ஆண்களுக்கு 11, பெண்களுக்கு 10. இதற்குக் குறைந்தால் கால் வலிமை சராசரிக்கும் கீழே உள்ளது என்றும், விழும் ஆபத்து கூடுதல் என்றும் மருத்துவர்கள் கொள்கிறார்கள். கையூன்றாமல் ஒருமுறைகூட எழ முடியாதவர் வருந்த வேண்டாம். இருக்கையின் மேல் கெட்டியான தலையணை ஒன்றைப் போட்டு உயரத்தைக் கூட்டித் தொடங்கலாம்.

இந்தச் சோதனையே பயிற்சியும் ஆகும். மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக அமர வேண்டும். பொத்தென்று விழுந்து உட்காருவதில் பயனில்லை. நாலு எண்ணுவதற்குள் சிறிது சிறிதாகத் தாழ்வதில்தான் தசை உழைக்கிறது. எட்டுப் பத்து முறை செய்து, இரண்டு நிமிடம் இளைப்பாறி, மறுபடியும் அப்படியே இரு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் போதுமானது. இடைப்பட்ட ஓய்வில்தான் தசை வளர்கிறது. எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும்.

நம்மில் பலர் தவறவிடும் இடம் இதற்கு அடுத்தது. பன்னிரண்டு முறை எளிதாக வந்துவிட்டால் அதோடு நின்றுவிடலாகாது. தலையணையை எடுத்துவிட வேண்டும். பிறகு சற்றுத் தாழ்ந்த ஸ்டூலுக்கு மாற வேண்டும். அதன் பிறகு இரண்டு கைகளிலும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுமை சிறுகச் சிறுகக் கூடினால்தான் வலிமை கூடும். ஆறு மாதம் ஒரே அளவில் செய்தால் ஆறு மாதமும் ஒரே நிலையிலேயே இருப்போம்.

இதன் அடுத்த படி நமக்குப் புதிதல்ல. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம்தான் அது. காதைப் பற்றிக்கொண்டு முழங்காலை மடக்கி எழும் அந்தச் செயலின் ஆன்மிகப் பலன்களை இவ்விதழின் வாசகர்கள் என்னைவிட நன்கறிவார்கள். தொடைக்கும் இடுப்புக்கும் அதற்கு நிகரான வீட்டுப் பயிற்சி அரிது என்பதை மட்டும் நான் சொல்கிறேன். முழுவதும் குந்த முடியாதவர் பாதியளவு மடக்கினாலே போதும். அருகில் ஒரு கைக்குச் சுவரோ மேசையோ எட்ட வேண்டும்.

நமஸ்காரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டு மருத்துவர் கிளாடியோ கில் அராயுஜோவின் குழுவினர், 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் அமர்ந்து எழச் செய்து, கையோ முழங்காலோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மதிப்பெண் குறைத்தனர். பத்துக்கு எட்டுக்குமேல் பெற்றவர்களைவிட, மூன்றும் அதற்குக் கீழும் பெற்றவர்களிடையே அடுத்துவந்த ஆண்டுகளில் மரணம் பல மடங்கு கூடுதலாக இருந்ததாக 2012இல் அறிவித்தனர். எழ முடியாமையே மரணத்துக்குக் காரணம் என்று இதற்குப் பொருளில்லை. வலிமை, சமநிலை, மூட்டுகளின் நெகிழ்வு ஆகிய மூன்றும் ஒருசேரக் குன்றியதன் அடையாளம் அது. தரையில் அமர்ந்து உண்டு, தரையில் அமர்ந்து ஜபித்து, விழுந்து வணங்கி வாழ்ந்த நம் முன்னோர் இந்தப் பயிற்சியைத் தினமும் பல முறை செய்தவர்கள். உணவு மேசையும் சோபாவும் அதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டன.

மீண்டும் பழக விரும்புவோர், பூஜை அறையில் உறுதியான மணை அல்லது ஸ்டூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு முழங்கால், பிறகு மற்றொன்று, பிறகு இரு கைகள் என்று இறங்கி, அதே வரிசையைத் திருப்பி எழலாம். எழும்போது ஒரு பாதத்தை முன்னே ஊன்றிக்கொண்டு ஸ்டூலை அழுத்தினால் உடல் மேலெழும். எழுந்தவுடன் நடந்துவிடாமல் சற்று நிற்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உண்பவர்களுக்குத் தலைச்சுற்றல் வருவது அந்தத் தருணத்தில்தான். விழுந்தால் தானே எழுந்துகொள்ளத் தெரிந்திருப்பதும் இந்தப் பழக்கத்தின் மற்றொரு பயன். தனித்து வாழும் முதியோருக்கு அது சிறிய செய்தியன்று.

சமநிலைக்கும் கோயிலிலேயே வழி உண்டு. ஒரு பாதத்தின் குதிகாலை மற்றொரு பாதத்தின் விரல்நுனியில் ஒட்டவைத்து நடக்கும் அடிப் பிரதட்சிணத்தையே, பெயர் மாற்றி, இயன்முறை மருத்துவர்கள் முதியோருக்குப் பயிற்சியாகத் தருகிறார்கள். வீட்டில் சுவரை ஒட்டிப் பத்தடி தூரம் இவ்வாறு போய்வரலாம். சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குவது ஆடுசதைக்கு நல்லது. பால் பொங்கும் வரை காத்திருக்கும் நேரமே அதற்குப் போதும்.

இனி மாடிப்படி. உங்கள் வீட்டில் இருபது படிகள் என்று கொள்வோம். மூன்று முறை ஏறினால் சுவாமிமலை. பதினெட்டு முறை ஏறி, மேலும் ஐந்து படி ஏறினால் திருத்தணி. முதல் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டு, வாரத்துக்கு ஒன்று என்று கூட்டினால் நான்கைந்து மாதங்களில் தணிகை வந்துவிடும். ஏறும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். பேச்சே வராவிட்டால் வேகம் அதிகம் என்று பொருள். முழங்கால் வலியுள்ளவர்கள் ஏறும்போது வலியில்லாத காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது வலியுள்ள காலை முதலில் இறக்க வேண்டும். இறங்கும்போதுதான் பெரும்பாலோர் விழுகிறார்கள். ஆகவே கைப்பிடியை விடலாகாது.

அருணாசலத்தைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். அதற்கு வேண்டியது தாக்குப்பிடிக்கும் திறன். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் என்று மொட்டைமாடியிலோ கூடத்திலோ தொடங்கி, வாரந்தோறும் சில நிமிடங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலுடன் தார்ச்சாலையில் நடக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். நடந்து முடித்ததும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தசைக்கு உணவும் தேவை. இரவில் இரண்டு இட்லி, காலையில் காபி என்று நம் உணவு சுருங்கும்போது முதலில் குறைவது புரதம்தான். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் முதியோருக்கு வேண்டும் என்பது பல வல்லுநர்களின் பரிந்துரை. பருப்பு, தயிர், பால், பயறு, நவராத்திரிக்கு மட்டும் நாம் ஒதுக்கிவைத்துள்ள சுண்டல் ஆகியவை நாள்தோறும் இலையில் இடம்பெறலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக் கூடாது. ஏகாதசி போன்ற விரத நாள்களில் கடும் பயிற்சி வேண்டாம்.

இதய நோயாளிகளும், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவரின் ஒப்புதலோடுதான் தொடங்க வேண்டும். கண்புரை அறுவை முடிந்த புதிதில் தலையைத் தாழ்த்தி வணங்குவதும், எடை தூக்குவதும் ஆகாது. பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தமோ, மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்திவிட வேண்டும். மறுநாள் தொடையில் தோன்றும் இலேசான வலி இயல்பானது; மூட்டில் வீக்கம் இயல்பானதன்று.

சில மாதப் பயிற்சிக்குப்பின் மலையேறப் புறப்படுவோர் வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். வழியிலுள்ள மண்டபங்கள் இளைப்பாறுவதற்கென்றே கட்டப்பட்டவை; அவற்றில் தயங்காமல் அமருங்கள். பழனியில் விஞ்சும் ரோப்காரும் உண்டு. சோளிங்கரிலும் இப்போது ரோப்கார் வந்துவிட்டது. இறங்குவதுதான் முழங்காலை வருத்தும் என்பதால், படியால் ஏறி முருகனைத் தரிசித்துவிட்டு, விஞ்சில் இறங்கிவந்தால் அதில் குறை எதுவுமில்லை.