இரசாயன விபத்துக்கு முன்னரே கூட வேண்டிய குழு

2018 ஏப்ரலில் ஹொரணை, பெல்லபிட்டியவிலுள்ள இறப்பர் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தாங்கிக்குள் தொழிலாளி ஒருவர் வீழ்ந்தார். அவரைக் காப்பாற்ற முனைந்தோரையும் சேர்த்து ஐவர் மாண்டனர். உள்ளிருப்பது எதுவென்றும் அதனை அணுகும் முறை யாதென்றும் அறியாத துணிவு உயிரையே பறித்துவிடுகின்றது.

1984 இல் போபாலில் நச்சுவாயு பரவியபோதும் எத்திசையில் ஓடுவதென மக்கள் அறிந்திருக்கவில்லை. அதன் பின்னரே அமெரிக்கா 1986 இலும் இந்தியா 1996 இலும் இத்தகைய விபத்துகளுக்கான உள்ளூர்க் குழுக்களைச் சட்டபூர்வமாக்கின.

எமது நாட்டின் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் இரசாயன விபத்தை அனர்த்தங்களுள் ஒன்றாகவே குறிப்பிடுகின்றது. எனினும் மலையகத்தில் அனர்த்தம் என்றதும் மண்சரிவே நினைவுக்கு வருகின்றது.

கண்டி மாநகரோ மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் அமைந்துள்ளது. குடிநீர்ச் சுத்திகரிப்புக்கு உதவும் குளோரின் வாயுவாகக் கசிந்தால், காற்றிலும் கனமானதாகையால் தாழ்நிலத்திலேயே தங்கும். பேராதனைக்கு மேலே பாரவூர்தியொன்று கவிழ்ந்து இரசாயனம் மகாவலியில் கலந்தால், கெட்டம்பேயில் பெறப்படும் குடிநீருக்கும் ஆபத்து நேரும். பல்லேகல கைத்தொழில் பேட்டையையும் மறந்துவிடலாகாது.

ஆதலால் மாநகர சபை, பிரதேச செயலகங்கள், தீயணைப்புப் பிரிவு, பொலிஸார், வைத்தியசாலை, தொழிற்சாலைகள், அயலில் வாழும் மக்கள் ஆகியோர் ஒரே குழுவில் அமர வேண்டும். எந்த இரசாயனம், எங்கே, எவ்வளவு உள்ளது என்னும் பட்டியலே அக்குழுவின் முதற்பணியாகும். வெளியேறும் வழிகளைத் தீர்மானிப்பதும் ஆண்டுதோறும் ஒத்திகை நடத்துவதும் அடுத்த பணிகள். வியாபார இரகசியம் என்ற போர்வையில் இவ்விபரங்களை மறைப்பதற்கு இடமளிக்கலாகாது. காப்பாற்றச் செல்பவர் உயிருடன் திரும்புவதற்கு முன்னறிவே முதற்கவசம் என்பதை அதிகாரிகள் உணர்ந்து செயற்பட வேண்டுமென வலியுறுத்துகின்றோம்.