தொகைச்சொல்லை வாசகர் விரிக்கும் முறை

'தாய்ப்பாசம்', 'பிள்ளைப்பாசம்' என்னும் இரு சொற்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோம். இரண்டும் ஒரே அமைப்புடையன. எனினும் முன்னதில் தாய் பாசம் கொள்பவள். பின்னதில் பிள்ளை பாசத்தைப் பெறுவது. இவ்வேறுபாட்டைக் காட்டும் உருபு எதுவும் சொல்லில் இல்லை. உலகியலறிவைக் கொண்டே நாம் தொகையை விரிக்கின்றோம். விரிக்கின்றோம் என்பதையும் உணர்வதில்லை.

நம் இலக்கண ஆசிரியர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். தொகை இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கும் என்பது நன்னூலார் கருத்து. இரு பொருளுக்கு உரையாசிரியர் காட்டுவது 'தெய்வ வணக்கம்'. ஆறு பொருளுக்கு 'மரவேலி'. மரத்தாலாகிய வேலியும் அதுவே, மரத்திற்கு இட்ட வேலியும் அதுவே. ஒற்று மிகுதல் ஓரளவு துணைசெய்யும். 'யானை குதிரை' என இயல்பாய் நின்றால் அவை இரு விலங்குகள். 'யானைத் தந்தம்' என மிக்கால் ஒன்று மற்றொன்றைச் சார்ந்தது. எவ்வகையில் சார்ந்தது என்பதை ஒற்று உரைப்பதில்லை.

வாசகர் எல்லாப் பொருளையும் எண்ணிப்பார்த்து ஒன்றைத் தேர்வதில்லை. பழகிய பொருள் முந்திக்கொள்கின்றது. பின்வரும் சொற்கள் முரண்பட்டாலன்றி அவர் பெரும்பாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. 'புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர்' எனப் படிப்பவர், அவர் புதிதாய் வந்தவரோ என ஐயுறார். 'புதிய வேதாகம அகராதி' எனின், புதியது அகராதியே என்று கொள்வர். அங்கே 'புதிய' அடுத்த சொல்லோடு ஒட்டியது. இங்கே ஒன்றைத் தாண்டிச் சென்றது.

பழக்கமே ஐயத்துக்குரியதாகும் இடத்தில் இம்முறை இடர்தரும். உரோமர் 1:17இல் வரும் 'தேவநீதி' அத்தகையது. அதனைத் தேவன் பாவிகளைத் தண்டிக்கும் நீதி என்றே முதலில் கொண்டதாகவும், விசுவாசிக்குத் தேவன் அருளும் நீதி எனப் பின்னர்க் கண்டதாகவும் மார்ட்டின் லூத்தர் 1545இல் எழுதினார். கிரேக்கத்தின் ஆறாம் வேற்றுமை இரண்டுக்கும் இடந்தருவது.

இன்றும் பரவலாக வழங்கும் பழைய தமிழ்த் திருப்புதல் 3:22இலும் 'தேவநீதி' என்பதை விரிக்காது விட்டது. அதே வசனத்தில், 'கிறிஸ்துவின் விசுவாசம்' எனவும் பெயர்க்கத்தக்க தொடரையோ, கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசம் என விரித்துவிட்டது. அத்தொடர் கிறிஸ்துவின் உண்மைத்தன்மையையே குறிக்கும் என்பாரும் உளர். விரித்தது தவறெனக் கூறோம். மறுபொருளுக்கு இடமிருந்தது என்பதைத் தமிழ் வாசகர் அறியும் வழி அங்கே அடைபட்டது. இத்தகைய இடங்களில் அதனை அடிக்குறிப்பிலேனும் தருதல் மொழிபெயர்ப்பாளர் கடன் என்பது நம் கருத்து.