ரன் கொடுப்பதற்கு முன்

குழாயில் ஓடும் தண்ணீருக்கும் காரை உரசிச் செல்லும் காற்றுக்கும் நாவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள்தான் அடிப்படை. 19ஆம் நூற்றாண்டில் உருவான இவற்றை, மிக எளிய சில ஓட்டங்களுக்கு மட்டுமே காகிதத்தில் தீர்க்க முடிகிறது. மற்றவற்றுக்கு மென்பொருள்தான் துணை. பாய்மம் நிரம்பிய இடத்தை அது சிறு சிறு செல்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வேகத்தையும் அழுத்தத்தையும் கணக்கிடுகிறது. இந்தச் செல்களின் தொகுப்புதான் மெஷ். அத்தகைய மென்பொருள்களில் ஒன்றான, 2004இல் திறமூலமாக வெளியான ஓப்பன்ஃபோமை எந்த மாணவரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கணினி நேரத்தைத்தான் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். எடுத்த எடுப்பிலேயே நுணுக்கமான மெஷ் போட்டால் அது வீணாகும்.

ஏன் என்பதை ஓப்பன்ஃபோமின் முதல் பயிற்சியே காட்டிவிடுகிறது. 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரப் பெட்டி. அதன் மேல் மூடி நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த இழுப்பில் உள்ளே ஒரு சுழல் உண்டாகிறது. பக்கத்துக்கு 20 வீதம் 400 செல்கள். ஒரு செல்லின் அகலம் 5 மில்லிமீட்டர். டைம் ஸ்டெப், அதாவது கணக்கு ஒரு தடவையில் முன்னேறும் நேரம், 0.005 நொடி. அந்த நேரத்தில் மூடியோடு நகரும் பாய்மம் சரியாக ஒரு செல்லைக் கடக்கும். ஒரு ஸ்டெப்பில் பாய்மம் எத்தனை செல்லைக் கடக்கிறது என்பதே கூரான்ட் எண். 1928இல் கூரான்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. இந்தப் பயிற்சியில் அது 1ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டவிட்டால் கணக்கு நிலைகுலைந்துபோகலாம்.

ஆகவே செல்லின் அகலத்தைப் பாதியாக்கினால் டைம் ஸ்டெப்பையும் பாதியாக்கியாக வேண்டும். முப்பரிமாணத்தில் செல்கள் 8 மடங்கு, ஸ்டெப்புகள் 2 மடங்கு. வேலை 16 மடங்கு. ஒரு மணி நேரத்தில் முடிந்த ரன், அதாவது கணக்கு ஓட்டம், 16 மணி நேரம் கேட்கும். அத்தனை நேரம் காத்திருந்தபின், உள்நுழையும் வேகத்தைத் தப்பாகக் கொடுத்திருந்தது தெரியவந்தால் எல்லாம் பாழ். பெரிய செல்களோடு ஓடும் முதல் ரன் அதைச் சில நிமிடங்களில் காட்டிக்கொடுத்துவிடும். குறிப்பாக அளவு அலகைப் பாருங்கள். பொருளின் வடிவத்தைத் தரும் எஸ்டிஎல் கோப்பில் அலகு பதிவாவதில்லை. மில்லிமீட்டரில் வரைந்த வால்வை ஓப்பன்ஃபோம் மீட்டர் என்றே எடுத்துக்கொள்ளும். 5 சென்டிமீட்டர் வால்வு 50 மீட்டராகிவிடும்.

முதல் ரன் ஒழுங்காக ஓடினால், மெஷ்ஷை எங்கே நெருக்குவது என்பதையும் அதுவே சொல்லும். சுவரை ஒட்டி, பொருளின் பின்னால், வேகம் சட்டென்று மாறுகிற இடங்களில் மட்டும் செல்களைச் சிறிதாக்கினால் போதும். வடிவம் சமச்சீராக இருந்தால் பாதியை மட்டும் கணக்கிடலாம். ஆனால் ஓட்டமும் சமச்சீர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உருளைக்குப் பின்னால் சுழல்கள் மேலும் கீழுமாக மாறி மாறிக் கழன்று போகும். அங்கே பாதி உருளையைக் கணக்கிட்டால் அந்தச் சுழல்களே தோன்றாது. விடை அழகாக இருக்கும், தப்பாகவும் இருக்கும்.

திரையில் ரெசிடுவல், அதாவது சமன்பாடுகளில் எஞ்சும் பிழை, இறங்குவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய அளவு எதுவோ, அழுத்த இழப்போ இழுவிசையோ, அது ஒரு மதிப்பில் நிலைக்கிறதா, உள்ளே வந்த பாய்மம் முழுதும் வெளியே போகிறதா என்று பாருங்கள். அடுத்து மெஷ்ஷை நெருக்கி மறுபடி ஓட்டுங்கள். அந்த அளவு மாறுவது உங்கள் தேவைக்குள் அடங்கிவிட்டால் அதற்குமேல் நெருக்க வேண்டியதில்லை.

கணினியின் எல்லாக் கோர்களையும் இறக்கிவிட்டால் வேகம் கூடும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. மெஷ்ஷைப் பங்கு பிரித்துக்கொண்ட கோர்கள் எல்லையோரச் செல்களின் எண்களைத் தங்களுக்குள் ஓயாமல் பரிமாறிக்கொள்ள வேண்டும். சின்ன மெஷ்ஷில் அந்தப் பேச்சுவார்த்தையே கணக்கைவிட அதிக நேரம் பிடிக்கும். நீண்ட ரன்னுக்கு முன் சில ஸ்டெப்புகளை 4, 8, 16 கோர்களில் ஓட்டி, ஒரு ஸ்டெப்புக்கு ஆகும் நேரத்தை ஒப்பிட்டபின் எண்ணிக்கையை முடிவு செய்யலாம்.