நான்கரை சென்டிமீட்டர் உயரத்திலிருந்து

1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய ஜெர்மானிய டைகர் 131 டாங்கி, இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. பீரங்கியோடு சேர்த்து எட்டரை மீட்டர் நீளம். 1/35 அளவில் மாதிரி செய்தால் 24 சென்டிமீட்டர்தான்.

பாகங்களை ஒட்டுவதைவிட அழுக்காக்குவதுதான் பெரிய வேலை. வெளிர்நிறப் பொடியைத் தூரிகையில் தொட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சக்கரங்களின் இடுக்குகளில் தட்டிவிடுவேன். வீரர்கள் கால் வைத்து ஏறும் விளிம்புகளில் மட்டும் பெயின்ட் உரிந்திருக்க வேண்டும். உடம்பெல்லாம் துரு பூசுவதை நான் ஏற்பதில்லை. துனிசியாவில் சில மாதங்கள்கூட ஓடாத வண்டி அது.

படமெடுக்கும்போது கேமராவை மேசையோடு தாழ்த்த வேண்டும். நிற்கும் மனிதனின் கண்மட்டம் இந்த அளவில் நான்கரை சென்டிமீட்டர்; மேலிருந்து எடுத்தால் பொம்மைதான் தெரியும். அப்பர்ச்சரை எஃப்/16க்குச் சுருக்கி, ட்ரைபாடில் நிறுத்தி, நிதானமாக எக்ஸ்போஷர் கொடுக்கலாம். விளக்கு ஒன்றே போதும். இரண்டு நிழல் விழுந்தால் வெயில் பொய்யாகிவிடும்.